லிவருக்குப் பரவிடுச்சாம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம்–வடகால் தொழிற்சாலைகளில் லைன் லீடர்களாகவும் ஷிப்ட் சூபர்வைசர்களாகவும் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கம்பெனி மருத்துவ அறையில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிற ஆட்களில் ஒருத்தி நான். இந்த மடலை ஹெச்.ஆருக்கோ சங்கத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. லைனில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். ரிலீவர் வேண்டும் என்று அவர் கை தூக்குவது உங்களைப் பார்த்து. லீவு உங்கள் கையைத் தாண்டித்தான் மேலே போகிறது. அவர் இரண்டு மாதம் வராவிட்டால், அந்த ஸ்டேஷனுக்கு வேறு ஆள் கேட்டு மெயில் போடுவதும் நீங்கள்தான். அந்த மெயிலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

குடல் புற்றுநோய் வந்த ஒருவரைப் பற்றிய சேதி ஷாப் ஃப்ளோருக்கு இரண்டு தடவையாக வந்து சேரும். முதல் தடவை, “கேன்சராம்”. எல்லாரும் பதறுவோம். பணம் வசூலித்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். சில வாரம் கழித்து இரண்டாவது சேதி வரும்: “லிவருக்குப் பரவிடுச்சாம்.” அதோடு குரல்கள் தாழ்ந்துவிடும். கேன்டீனில் அவர் பெயரைச் சொல்லும்போதே இறந்த காலத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். புது ஆள் டிரெயினிங்குக்கு வந்துவிடுவார். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இருக்காது. வீட்டிலும், இருக்கிற பணத்தையாவது மிச்சப்படுத்தலாம், ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவெடுப்பார்கள். நான்காம் நிலை என்று டாக்டர் சொன்னபிறகு வேறென்ன இருக்கிறது என்பது அவர்கள் நினைப்பு.

இருக்கிறது. குடலில் தொடங்கி ஈரலுக்கு மட்டும் பரவிய புற்றுநோய், நான்காம் நிலை என்று பெயர் வாங்கிய பிறகும் கத்திக்குக் கட்டுப்படக்கூடிய நோய். எல்லாருக்கும் இல்லை. யாருக்கு என்பதை ஈரலில் அறுவை செய்து பழகிய ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவர் பார்க்கும்வரை வீட்டாரும் கணக்கை முடிக்கக் கூடாது, நீங்களும் முடிக்கக் கூடாது. சிகிச்சை முடிந்து திரும்புவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அந்த வருடம் முழுவதும் அவர் பெயர் ரோலில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஈரலுக்கு ஏன் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் பெரும்பாலும் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குள் நுழைந்து, அங்கே வடிகட்டப்பட்ட பிறகுதான் மேலே ஏறுகிறது. குடல் கட்டியிலிருந்து உதிரும் அணுக்களும் அதே வழியில் போய் அந்த வடிகட்டியில் சிக்கி முளைக்கின்றன. சிலருக்கு நோய் அந்த இடத்திலேயே கொஞ்ச காலம் நின்றுவிடுகிறது. அப்படி நிற்கிறவர்களுக்குத்தான் வெட்டுவதில் பயன் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு அநியாயமும் தெரியும். ‘லிவர்’ என்று காதில் விழுந்ததுமே, “ஓவரா குடிச்சிருப்பான்” என்று ஒரு குரல் வரும். ஒரு சொட்டுக்கூடத் தொடாதவருக்கும், புடவைக் கடையைத் தவிர வேறு கடை ஏறாத அம்மாவுக்கும் இதே பேச்சுதான். ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய் வேறு, குடலிலிருந்து வந்து ஈரலில் உட்கார்ந்தது வேறு. மருந்தும் வேறு, போக்கும் வேறு. குடித்துத்தான் ஈரலில் வந்தது என்ற பேச்சு லைனில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பேச்சு வீட்டுக்குப் போனால், வைத்தியத்துக்குச் செலவு செய்ய வேண்டுமா என்ற கேள்வியாக மாறுகிறது.

ஈரலை வெட்டுவது ஒரு காலத்தில் ஆளை மேசையிலேயே இழக்கிற வேலையாக இருந்தது. அவ்வளவு இரத்தம். கிளாஸ்கோவில் ஹோகார்த் பிரிங்கிள் என்ற சர்ஜன், ஈரலுக்குள் போகும் குழாய்களை வாசலிலேயே அழுத்திப் பிடித்து ஒழுக்கை நிறுத்தலாம் என்று 1908இல் எழுதினார். இன்றைக்கும் அதைச் செய்கிறார்கள்: சுமார் கால் மணி நேரம் அடைப்பது, ஐந்து நிமிடம் திறந்துவிடுவது, மறுபடி அடைப்பது. ஆனால் வாசலை அடைத்தால் போதுமா, உள்ளே எங்கே வெட்டுவது? வெளியிலிருந்து பார்த்தால் ஈரல் ஒரே பழுப்புச் சதைக் கட்டி. 1930களில் ஹனோயில் டோன் தட் துங் என்ற வியட்நாமிய இளைஞர் பிணங்களின் ஈரல்களைச் சுரண்டிச் சுரண்டிக் குழாய்களின் பாதையைத் தேடினார். பிறகு பாரிஸில் க்ளோத் குயினோ செய்ததுதான் உங்களுக்குப் பிடிக்கும். ஈரலின் குழாய்களுக்குள் பிளாஸ்டிக்கைச் செலுத்தி, அது இறுகியதும் சுற்றியிருந்த சதையைக் கரைத்துவிட்டார். மிஞ்சியது குழாய்களின் வார்ப்பு மட்டும். மோல்டிங்கும் டை காஸ்டிங்கும் தினம் பார்க்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வார்ப்புகளைச் செய்து பார்த்து, ஈரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்து 1957இல் புத்தகம் போட்டார். ஒவ்வொரு கூறுக்கும் தனியாக இரத்த வரத்து, தனியாகப் பித்தக் குழாய். ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது சாகாது. இன்று சென்னையில் ஒரு சர்ஜன் “ஆறையும் ஏழையும் எடுக்கணும்” என்று சொன்னால், அது குயினோ போட்ட நம்பர்.

இன்னொரு சங்கதி, ஈரல் வளரும். நல்ல ஈரலாக இருந்தால் முக்கால் பங்கு வரை எடுத்தாலும் மிஞ்சியது வேலையைப் பார்த்துக்கொண்டு, சில வாரங்களிலேயே பெருக்கத் தொடங்கிவிடும். கீமோவில் களைத்துப்போன ஈரல் என்றால் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மிஞ்சாது என்று தெரிந்தால், எடுக்கப்போகிற பக்கத்துக்கு வரும் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். இரத்தம் முழுவதும் மறுபக்கம் திரும்பும்; நான்கைந்து வாரத்தில் அந்தப் பக்கம் பருக்கும்; பிறகு வெட்டுவார்கள். ஜப்பானில் மசடோஷி மக்குச்சி 1980களில் செய்துகாட்டிய உபாயம் இது. இந்த நான்கைந்து வாரம் நோயாளி வீட்டில் சும்மா இருப்பதுபோல் தெரியும். “ஆபரேஷன் தள்ளிப் போச்சு, அப்போ முடியாதுன்னு அர்த்தம்” என்று லைனில் யாராவது சொல்வார்கள். அவர்களிடம் நீங்கள் சொல்லுங்கள், ஈரல் வளரக் காத்திருக்கிறார்கள் என்று.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1985 முதல் 1994 வரை இப்படி ஈரலில் அறுவை செய்துகொண்ட 612 பேரை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து ஆண்டு தாண்டியும் 102 பேர் உயிரோடு இருந்தார்கள், அநேகமாக எல்லாரும் நோயின்றி. ஆறில் ஒருவர். இன்றைய கீமோ வருவதற்கு முந்தைய கணக்கு இது. ஐந்து ஆண்டு தாண்டுவோர் பத்தில் நான்கு பேர் அளவில் என்று பல நாட்டு மருத்துவமனைகளின் கணக்குகள் சொல்கின்றன. மிச்ச ஆறு பேரை நான் மறைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பும். அப்படித் திரும்பியவர்களில் சிலருக்கு இரண்டாம் தடவையும் ஈரலை வெட்ட முடியும். ஆறில் ஒருவர் என்பது சின்ன எண்ணா? ஷிப்டுக்கு அறுபது பேர் வேலை செய்கிற லைனில் இருக்கிற உங்களுக்கு, அது எத்தனை முகம் என்று தெரியும்.

முதலில் ஸ்கேன் எடுக்கும்போதே வெட்டக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். ஆனால் ‘இப்போ முடியாது’ என்பது ‘எப்போதும் முடியாது’ ஆகிவிடாது. பாரிஸ் பக்கத்தில் வில்ஜூயிஃப் என்ற ஊரில் ரெனே ஆடமின் குழு, வெட்டவே முடியாது என்று கைவிடப்பட்ட 1,104 பேருக்குக் கீமோ கொடுத்துவிட்டு மறுபடி மறுபடி ஸ்கேன் பார்த்தது. கட்டிகள் சுருங்கி, 138 பேருக்கு வெட்ட முடிந்தது. அவர்களில் மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டு தாண்டினார். 2004இல் வெளிவந்த கணக்கு.

இந்த இடத்தில் ஒரு விஷயம், நோயாளியின் வீட்டாருக்குத் தெரியாமல் போவது. ஈரல் சர்ஜன் ஸ்கேனைப் பார்க்க வேண்டியது கீமோ முடிந்தபிறகு அல்ல, முதல் டிரிப் ஏறுவதற்கு முன்னால். கீமோவில் சின்னக் கட்டிகள் ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடும். வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் மறைந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் உயிருள்ள அணுக்கள் மிச்சம் இருப்பதைப் பிரெஞ்சு சர்ஜன்கள் 2006இல் காட்டினார்கள். எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் எதை வெட்டுவது? அதோடு, அளவுக்கு மீறி நீளும் கீமோ ஈரலையே கெடுத்துவிடும், பிறகு வெட்ட பயப்படுவார்கள். ஆகையால் யாராவது உங்களிடம் ரிப்போர்ட்டை நீட்டி, “என்ன பண்றதுன்னு தெரியல” என்றால், ஒரே கேள்வி கேளுங்கள்: “கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லிவர் சர்ஜன் யாராவது ஸ்கேனைப் பார்த்தாரா?”

அந்த சர்ஜன் தூரதேசத்தில் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 1968இல் நியூயார்க் போய், நான் மேலே சொன்ன அதே மெமோரியல் மருத்துவமனையில்தான் அறுவை செய்துகொண்டார். அடுத்த பிப்ரவரியில் காலமானார். அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிற தூரம்தான். கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நம் பகுதி ஆட்கள் போகும் இடம் அது. ஈரலுக்கென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையையும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குடல், ஈரல் அறுவைக்குத் தனித் துறை இருக்கிறது. ஸ்டான்லியில் ஆர். சுரேந்திரன் தலைமையில் 2009இலேயே ஈரல் மாற்று அறுவை தொடங்கிவிட்டார்கள். முழு ஈரலையே மாற்றத் தெரிந்த கைகளுக்கு அதில் ஒரு பங்கை வெட்டுவது பழகிய வேலை. தனியார் பக்கத்தில், மயிலாடுதுறை வட்டாரத்துக்காரரான முகமது ரேலா லண்டனில் ஈரல் மாற்றில் பெயர் வாங்கிவிட்டு வந்து குரோம்பேட்டையில் மருத்துவமனை நடத்துகிறார். ஈரல் வைத்தியத்துக்கு வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வருகிறார்கள். நம் ஆள் படப்பையிலிருந்து பஸ் ஏறிப் போகாமல் இருக்கிறார்.

ஏன் போகவில்லை என்றால், பணம். இங்கேதான் உங்கள் மெயில் வருகிறது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பை 2022இல் 1,20,000 ரூபாய் ஆக்கினார்கள். மாதம் 15,000 வாங்குகிறவரின் ஆண்டு வருமானமே 1,80,000. ஆக, நம் லைனில் நிற்கிற பெரும்பாலானவர்களுக்கு அந்த அட்டை கிடையாது. அவர்களுக்கு உள்ள ஒரே குடை இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. அதைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனியின் குழுக் காப்பீடு. அதுவும் வேலையோடு ஒட்டியது, வேலை போனால் போய்விடும்.

இஎஸ்ஐயில் புற்றுநோய்க்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை. நோயாய்ப் படுத்தால் முதல் 91 நாள் சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்குப் பிறகும் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. ஆனால் நிபந்தனை உண்டு: இரண்டு ஆண்டு தொடர்ந்து இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், அந்த நான்கு அரையாண்டுகளில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தப் பகுதியில் கான்ட்ராக்ட் ஆட்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் தெரியுமா? கான்ட்ராக்டர் மாறும்போது பழைய இன்சூரன்ஸ் நம்பரைக் கொடுக்காமல், புதிதாக ஒரு நம்பர் போட்டுவிடுகிறார்கள். நான்கு வருடம் இதே லைனில் நின்றவர், காகிதத்தில் ஆறு மாத ஆளாகிவிடுகிறார். புது ஆள் சேரும் நாளில், “பழைய இஎஸ்ஐ நம்பர் இருக்கா?” என்று கேட்க உங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கிற பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள். ஊருக்குத் திரும்பினாலும் அதே நம்பர்தான் அங்கேயும் செல்லும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

1948இல் இஎஸ்ஐ சட்டத்தை எழுதியவர்கள், நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருப்பவரை முதலாளி வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 73ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். கான்ட்ராக்ட் ஆளை யாரும் நீக்குவதில்லை. புதுப்பிக்காமல் விடுகிறார்கள். “இவர் இனி வர மாட்டார்” என்ற உங்கள் ஒரு வரி அதற்குப் போதும். அவர் பெயர் ரோலில் இருப்பதால் லைனுக்கு ஆகும் செலவு அனேகமாக ஒன்றுமில்லை. உதவித்தொகையைக் கம்பெனி தருவதில்லை, இஎஸ்ஐ தருகிறது. மாற்று ஆளைத் தாராளமாகக் கேளுங்கள். ‘தற்காலிகமாக’ என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்.

சரி, இவ்வளவு தூரம் போகாமலே பிடிக்க முடியாதா? முடியும், அதிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, “சிஸ்டர், பைல்ஸ் மருந்து இருக்கா” என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். ரோட்டோரச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் என்று விளம்பரம் எழுதியிருக்கிற நாட்டில், இரத்தம் போனால் மூலம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் சில வாரமாக விடாமல் போகிற இரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் டாக்டர் கை வைத்துப் பார்க்க வேண்டும், தேவையென்றால் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும். வயதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் குடல் புற்றுநோயோடு வந்த 800 பேரின் கணக்கை 2017இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 47. மேல்நாடுகளில் வழக்கமாக இது அறுபதைத் தாண்டியவர்களின் நோய்.

வருடாந்தர மெடிக்கலில் ஆண் தொழிலாளி ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9 என்று வந்தால், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மாதவிடாய் இல்லாத உடம்பில் இரத்தம் எங்கே போனது என்று யாராவது கேட்க வேண்டாமா? டாய்லெட் ரிலீஃப் அடிக்கடி கேட்கிறவரிடம் ‘டேக்ட் டைம்’ காட்டிக் கோபப்படும் முன், எத்தனை நாளாக இப்படி என்று விசாரியுங்கள். பெண்கள் உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

கடைசியாக, திரும்பி வருகிறவரைப் பற்றி. ஈரல் அறுவை முடிந்தவர் பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு மிச்சக் கீமோ இருக்கலாம். இரண்டு வாரத்துக்கோ மூன்று வாரத்துக்கோ ஒரு முறை. அந்தத் தேதிகளை முன்னாலேயே வாங்கி ஷிப்ட் அட்டவணையில் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் பளு தூக்கும் வேலை வேண்டாம், வயிற்றுத் தையல் பிரிந்து குடல் இறங்கிவிடும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறியவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும், குளிர்ந்த இரும்பைத் தொட்டால் ஷாக் அடித்ததுபோல் இருக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் போகாது. ஆகவே அவரைப் பிரெஸ் மெஷினில் நிறுத்தாதீர்கள், சின்ன ஸ்க்ரூ பொறுக்குகிற ஸ்டேஷனும் வேண்டாம், ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம். மலக்குடல் அறுவை ஆனவர்களுக்குக் கொஞ்ச காலம் வயிற்றில் பை இருக்கலாம்; அதை மாற்றப் பத்து நிமிடமாவது தனி இடமும் தண்ணீரும் வேண்டும். என் அறைக்குப் பின்னால் இருக்கிற பாத்ரூம் சாவியை அதற்காக அவரிடமே கொடுத்துவிடலாம், செக்யூரிட்டியிடம் சொல்லிவைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிஇஏ என்ற இரத்தப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். அந்த நாட்களுக்கு லாஸ் ஆஃப் பே போடாமல் இருக்க முடியுமா என்று உங்கள் மேனேஜரிடம் நீங்கள் பேசுங்கள். நான் பேசினால் மெடிக்கல் விஷயம் என்பார், நீங்கள் பேசினால் புரொடக்‌ஷன் விஷயம் என்று கேட்பார்.

அன்புடன்,
ஒரகடம் சாலையில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறை சிஸ்டர்